மத்திய அலையில் தூர நிலையம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மத்திய அலை (மீடியம் வேவ்) டிஎக்ஸிங்குக்கு, அதாவது தூரத்து வானொலி நிலையங்களைத் தேடிக் கேட்கும் பொழுதுபோக்குக்கு, வருகிறவர்களின் குறிப்பேடுகளை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். மத்திய அலைக்கு உதவாத, பெட்டியின் நீட்டுக் கம்பியை இழுத்துவிட்டுத் தேடுவது போன்றவற்றை ஒரு வாரத்தில் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியலைப் பார்த்து நிலையத்துக்குப் பெயர் வைப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சேலத்துத் தம்பி ஒருவர் இரவு 9 மணிக்கு 1089 கிலோஹெர்ட்ஸில் மங்கலாக ஆங்கிலப் பேச்சு கேட்டார். எந்த அலைவரிசையில் எந்த நிலையம் என்ற பட்டியலைப் புரட்டினார், அதில் பிரிட்டனின் டாக்ஸ்போர்ட் நிலையம் இருந்தது. உடனே எழுதிக்கொண்டார், உங்களைக் கேட்டேன் என்று அந்த நிலையத்துக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டார். நமக்கு இரவு 9 என்றால் லண்டனில் பிற்பகல் மூன்றரை, கோடையில் நாலரை. எந்த மாதமானாலும் அங்கே சூரியன் மறைந்திருக்காது. பகலில், வானத்தில் உயரே வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். இரவில் அது கலைந்த பிறகுதான் அலை மேலே போய்த் திரும்பி வரும். வழி முழுக்க இருட்டாக இருந்தால்தான் அவ்வளவு தூரத்துக்கு வாய்ப்பே உண்டு. அதே 1089இல் உடுப்பியை அடுத்த பிரம்மாவரத்திலிருந்து ஆகாசவாணியின் மங்களூரு நிலையம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 9 மணிக்கு ஆங்கிலச் செய்தி. பட்டியலில் அந்தப் பெயரும் இருந்தது. செய்தி முடியும்வரை பொறுத்திருந்தால் அறிவிப்பே வந்திருக்கும்.

இதில் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. நிலையத்தார் அறிக்கையைத் தங்கள் ஒலிபரப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான், நாம் கேட்டதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் அட்டையை அனுப்புவார்கள். தப்பான அறிக்கைகளே வந்துகொண்டிருந்தால், அடுத்து வரும் உண்மையான அறிக்கையை யார் நம்புவார்கள்? அதைவிடக் கொடுமை, இணையத்தில் அதே நிலையத்தைக் கேட்டு நிகழ்ச்சி விவரங்களை நிரப்புவது. காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த நிமிடத்தில் என்ன பாட்டு, பேசியது ஆணா பெண்ணா, எந்த மொழி. முழு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே பதிவை ஓடவிடுங்கள். பெயர் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான். பெயர் கிடைக்கவில்லையா, கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பெட்டியைத் திருப்பாமலே கேட்பது

வானொலிப் பெட்டிக்கு உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் நிலையம் நன்றாகக் கேட்கும். தண்டின் முனை நோக்கும் திசையில் இருப்பது சட்டென்று அடங்கும். நமக்கு வேண்டியது அந்த அடங்கும் திசை. தொந்தரவு செய்யும் பக்கத்து நிலையத்தை முனைக்கு நேராகக் கொண்டுவந்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். அதன் அடியிலிருந்து இன்னொரு மொழி மெல்ல எழும்பும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இன்றும் கண் விழிக்கிறேன்.

வீட்டு இரைச்சலுக்காகப் புதுப் பெட்டி வாங்குவது

எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். இவைதான் இரைகின்றன. எல்லாவற்றையும் அணைத்து, மெயினையும் நிறுத்திவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

தேதி

குறிப்பேட்டிலும் அறிக்கையிலும் எழுதும் உலக நேரம் (யூடிசி) நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். 10ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குக் கேட்டதை 9ஆம் தேதி 20:30 என்று எழுத வேண்டும்.

இடி மின்னல்

வெளிக்கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

9ஆ, 10ஆ

அமெரிக்கக் கண்டங்களில் நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ், நம் பக்கம் 9. பெட்டியில் அலைவரிசை நகரும் படியை 9 என்று வையுங்கள்.