ஆற்றோரச் சதுப்பில் சைக்கிள்: சுலபமான பாதையில் செய்யும் தவறுகள்

ஏற்றம் கிடையாது, வண்டி வாகனத் தொல்லை இல்லை, அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். இப்படி ஒரு பாதையைச் சொன்னால் யாரும் பெரிதாகத் தயாராவதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. ஆற்றோரச் சதுப்புநிலக் காப்பகத்துக்குள் போகும் பாதை கால்களுக்குச் சுலபம்தான். ஆனால் அது ஆற்றுக்கும் பறவைகளுக்கும் சொந்தமான இடம்.

கிளம்பும்முன் பலரும் வானத்தைப் பார்க்கிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை. நம் தலைக்கு மேல் நல்ல வெயிலாக இருக்கலாம். மலைப்பக்கம் இரண்டு நாள் முன்பு பெய்த மழை இன்றைக்குத்தான் இங்கே வந்து சேரும். மேலே அணையைத் திறந்திருந்தாலும் அப்படித்தான். பெருகி வரும் தண்ணீரை வாங்கிப் பரப்பி வைத்துக்கொள்வதுதான் சதுப்பின் வேலை. பாதை முழுகுவதும் அதில் சேர்ந்தது. அதனால் அன்றைய அறிவிப்பைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பாதையில் தண்ணீர் நின்றால், கணுக்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது, ஓரத்து மண் அரித்துப் போயிருக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகும் சில நாள் கவனம் வேண்டும். அது விட்டுப்போன வண்டல், மேலே காய்ந்து வெடிப்பு விட்டுக் கெட்டியாகத் தெரியும். முன்சக்கரம் ஏறியதும் அந்தப் பொருக்கு உடைந்து, அடியில் சோப்பு மாதிரி வழுக்கிவிடும். மரப்பலகைப் பாதையும் இதே ரகம். காலைப் பனியில் நனைந்து, மேலே மெல்லிய பாசியும் பிடித்திருந்தால் டயருக்குப் பிடிமானமே இருக்காது. ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஏறியபின் திடீர் பிரேக் போடாமல், ஹேண்டிலையும் வெட்டாமல் நேராகப் போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

காற்றடிப்பதிலும் ஒரு தவறு உண்டு. டயர் கல் மாதிரி இருந்தால் மிதிக்க லேசாக இருக்கும் என்று நினைத்து முட்ட முட்ட அடிக்கிறோம். தார் ரோட்டுக்கு அது சரி. சரளையிலும் இளகிய மண்ணிலும் அந்த டயர் துள்ளும், வழுக்கும். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு அச்சிட்டிருப்பார்கள். அந்த வரம்புக்குள் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், எதிர்க்காற்று. சமதளத்தில் மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவிடும். நாணலும் கோரையுமாக இருக்கும் வெட்டவெளியில் அதைத் தடுக்க மரங்கள் கிடையாது. போகும்போது காற்று முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்று நன்றாக மிதிக்கிறோம் என்று நினைத்துக் கூடவே இரண்டு கிலோமீட்டர் போய்விடுவோம். திரும்பும்போதுதான் தெரியும், அதற்குள் தண்ணீர் பாட்டிலும் காலியாகியிருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுப்பது வழக்கம். உடம்பில் தெம்பு இருக்கும் காலையிலேயே காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள். திரும்பும்போது அது தள்ளிவிடும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு பறவைகள் விஷயத்தில்தான். சீராகக் கடந்துபோகும் சைக்கிளைப் பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும். சட்டென்று நின்று, இறங்கி, கையை நீட்டிப் பேசும் மனிதரைப் பொறுத்துக்கொள்வது கஷ்டம். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அசையாமல் நிற்கிறதா? அப்போதே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். கூட்டம் மொத்தமாக எழுந்து பறப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கான விலை அவற்றின் உடம்பிலிருந்து போகிறது. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குச் சுமார் 13,560 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல், பதினொரு நாளில் கடந்தது. இப்படிப் பறக்கும் இனங்கள் சேற்றில் இரை தேடித்தான் கொழுப்பைச் சேர்க்கின்றன. நாம் ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. நிற்பதென்றால், அதற்கென்று மறைப்பு கட்டியிருக்கும் இடத்தில் நில்லுங்கள். பெல்லை முன்னால் நடப்பவர்களுக்கு மட்டும், தூரத்திலேயே ஒருமுறை அடித்தால் போதும்.

பாதையை விட்டு இறங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை, நல்ல படம் கிடைக்கும் என்று பத்தடி தள்ளி ஒரு சரளைத் திட்டில் வண்டியைச் சாய்க்கப் போனேன். ஆள்காட்டிப் பறவை ஒன்று விடாமல் கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தது. குனிந்து பார்த்தால், முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள். மண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். கூடு என்று எதுவுமில்லை. தரையில் லேசாகப் பறித்த குழி, சுற்றிலும் சின்னச் சின்னக் கற்கள், அவ்வளவுதான். கண்ணெதிரே இருந்தும் முட்டை எது கல் எது என்று பிரித்துப் பார்க்கச் சில நொடிகள் ஆயின. வண்டியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்துப் பின்னால் வந்தேன். அதற்குப் பிறகு பாதையை விட்டு நான் இறங்கியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடுவது கடைசித் தவறு. டயரில் ஒட்டிய சேற்றில் களை விதைகள் இருக்கும். தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையும் ஈரச் சேற்றில் ஒட்டிப் பரவக்கூடியது. ஆகாயத்தாமரை வேறொரு குளத்தில் பெருக ஒரு துண்டே போதும். அடுத்த நீர்நிலைக்குப் போகும்முன் டயர், மட்கார்டின் உட்புறம், செருப்பின் அடி எல்லாவற்றையும் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், அது பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றி கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். செயினைத் துணியால் துடைத்து, ஈரம் போன பிறகு எண்ணெய் விடுங்கள்.