ஊர் மாறிய திராட்சை: ஒயின் வாங்கும்போதும் பரிமாறும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் ஈசூனில் அக்கா வீட்டில் மீன் தலைக் கறி. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்க, சட்டி நிறையச் சிவந்த குழம்பு. அடுப்புக்கு மேலிருந்த தட்டிலிருந்து அத்தான் ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் எடுத்துவந்து திறந்தார். ஆஸ்திரேலியாவின் பாரோசா பள்ளத்தாக்கில் விளைந்தது. இரண்டாவது மிடறிலேயே அக்காவுக்கு வாய் எரிந்து கண் கலங்கிவிட்டது. “பிரான்சில் குடித்த சிரா இப்படியா இருந்தது? மிளகு வாசத்தோடு எவ்வளவு இதமாக இருந்தது! இது அதன் நகல்தானே” என்றார் அத்தான். அந்த ஒயினில் ஒரு குறையும் இல்லை. அதை வாங்கியதிலும் வைத்ததிலும் ஊற்றியதிலும்தான் தவறுகள் நடந்தன. பலர் வீட்டில் நடப்பவை என்பதால் எழுதுகிறேன்.

திராட்சையின் பெயரைப் பார்த்து ருசியை எதிர்பார்ப்பது முதல் தவறு. சிரா, ஷிராஸ் இரண்டும் ஒரே ரகம்தான். பிறந்த இடம் பிரான்சின் ரோன் ஆற்றுப் பகுதி. ஆனால் கொடிக்கு வெயில் எவ்வளவு, இரவு எவ்வளவு குளிர்கிறது என்பதைப் பொறுத்தே பழத்தின் குணம் அமைகிறது. சூடான இடத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதனால் பாரோசா ஒயின் கனமாக, கனிந்த பழச்சாறு போல, சூடேறி வரும். ரோன் பகுதியின் வட பாகத்தில் அதே ரகம் மெலிந்து, புளிப்போடு நிற்கும்.

அத்தான் தேடிய மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்னும் சேர்மம். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகுக்கு மணம் தருவதும் இதே சேர்மம்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். குளிர்ந்த தோட்டங்களில் பழுக்கும் சிராவில் இது கூடுதல், வெயிலில் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் மூக்கில் ஏறுவதே இல்லை. ஆகவே, பக்கத்தில் இருப்பவர் “மிளகா? எனக்குத் தெரியவில்லையே” என்றால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

“நகல்” என்ற சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது. பிரேசிலின் ரப்பர் கன்றுகள் 1877இல் சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவான பூமலைக்கு வந்தன. அங்கிருந்து மலாயாவெங்கும் பரவின. நம் முன்னோர் பலர் பால்மரம் சீவி ரப்பர் பால் எடுக்கத்தான் கப்பலேறினார்கள். அந்தத் தோட்டங்களைப் பிரேசிலின் நகல் என்று யாரும் சொல்வதில்லை. திராட்சைக்கும் அதே நியாயம்தான். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1830களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து நூற்றுக்கணக்கான திராட்சைக் குச்சிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். பின்னர் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி நுழையவே இல்லை. அதனால் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் பாரோசாவில் இன்றும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. தாய்வீட்டிலேயே அவ்வளவு வயதான சிரா கொடியைக் காண்பது அரிது.

பெயரே மாறிப்போன கதையும் உண்டு. சிலியில் மெர்லோ என்ற சிவப்பு ரகமாகப் பல தலைமுறையாகப் பயிரிட்டு விற்றதில் பெரும்பகுதி மெர்லோவே அல்ல. 1994இல் அங்கே போன பிரெஞ்சுத் தாவர அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ கொடிகளை உற்றுப் பார்த்து, இது கார்மெனேர் என்றார். பிரான்சின் போர்தோவில் பிலாக்சராவுக்குப் பிறகு ஏறக்குறைய அற்றுப்போன ரகம்! மெர்லோவைவிடச் சில வாரம் பிந்திப் பழுக்கும் அதை மெர்லோவோடு சேர்த்துப் பறித்ததால்தான் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கலாக இருந்தது. தனியாகப் பிரித்துக் காத்திருந்து பறித்தபோது ஒயின் கனிந்தது. எப்போதோ ஒருமுறை குடித்துவிட்டு “சிலி மெர்லோ பச்சை வாடை அடிக்கும்” என்று ஒதுக்கியவர்கள் இன்னொரு முறை குடித்துப் பார்க்கலாம்.

நாட்டின் பெயரோடு நின்றுவிடுவதும் தவறுதான். ஆஸ்திரேலியா என்றால் பாரோசா மட்டுமல்ல, குளிர்ந்த தாஸ்மேனியாவும் யாரா பள்ளத்தாக்கும் அதில் அடக்கம். மெல்லிய பாணியில் செய்பவர்கள் பலர் அங்கேயும் லேபிளில் “சிரா” என்றே எழுதுகிறார்கள். அத்தானுக்கு வேண்டியது அந்தப் பாட்டில்தான். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளையும் மால்பெக் என்ற சிவப்பு ரகத்தை வாங்கும்போது தோட்டத்தின் உயரத்தைப் பாருங்கள். 1,000 மீட்டருக்கு மேல் பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவு குளிர்வதால் புளிப்பு தங்கும்.

இனி, லேபிளில் யாரும் படிக்காத எண். அக்காவின் மேசையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க அடியில் பொடி எழுத்தில் 15% என்றிருந்தது. மிளகாயின் காரம் நாவில் ருசியாகப் பதிவதில்லை. சூட்டை உணரும் நரம்பைத்தான் அது தூண்டுகிறது. ஆல்கஹால் அதே நரம்பை இன்னும் கூர்மையாக்கிவிடும். அதோடு ஷிராஸின் துவர்ப்பும் சேர்ந்தால் எரிச்சல் ஏறத்தான் செய்யும். காரக் குழம்புக்கு 12 சதவீதத்தை ஒட்டிய, கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய, புளிப்புள்ள வெள்ளை ஒயின் பொருந்தும். 15 சதவீதச் சிவப்பை ஆட்டிறைச்சி வறுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காரம் குறைத்து.

“சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு” என்ற அறிவுரையை இந்த ஊரில் அப்படியே பின்பற்றக் கூடாது. அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும். இங்கே வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும், பழம் தெரியாது. குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். அடுப்புக்கு மேல்தட்டில் மாதக்கணக்கில் வைத்த பாட்டில் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். திருகு மூடியைக் கண்டு மட்டமென்று நினைக்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் மிகச் சிறந்த சோவின்யோன் பிளாங் வெள்ளை ஒயின்களும் அப்படித்தான் வருகின்றன.

ஒரு ரகத்தை முதன்முதலில் ருசிக்க ஆக மலிவான பாட்டிலை எடுப்பது நம் ஊரில் கூடுதல் நட்டம். ஒயினுக்குக் கலால் தீர்வை ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. விலை எதுவானாலும் 14 சதவீதமுள்ள 750 மில்லிலிட்டர் பாட்டிலுக்குத் தீர்வை மட்டும் 9 வெள்ளி 24 காசு. அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. 25 வெள்ளி பாட்டிலில் ஏறக்குறைய 11 வெள்ளி வரியாகவே போய்விடும். கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் போக ஒயினுக்கு என்ன மிஞ்சும்? பத்துப் பதினைந்து வெள்ளி கூட்டிக் கொடுத்தால் அந்தக் கூடுதலின் பெரும்பகுதி வரிக்குப் போகாது.

அக்கா நாளைக்கும் மீன் தலை வாங்கியிருக்கிறாராம். செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின் கொண்டுபோகிறேன். பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியில் பிறந்த ரகம், இன்று தென்னாப்பிரிக்காவில்தான் உலகிலேயே அதிகமாக விளைகிறது. நான் வாங்கியது இந்தியாவின் நாசிக்கில் விளைந்தது. மழைக்காலம் முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்து, ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் பழம் பறிக்கிறார்கள். 12 சதவீதம், இனிப்பு லேசாக இருக்கிறது. பாட்டிலை இப்போதே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டேன்.