அப்போஸ்தலரின் யூத ஊழியம்: பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதி சபையின் வரலாற்றைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளைப் பாடமாக எடுப்பவர்களிடம் ஒரு தவறு அடிக்கடி தென்படுகிறது. கிறிஸ்தவம் முதல் நாளிலேயே தனி மதமாகப் பிறந்துவிட்டது, அதைச் சேர்ந்த சிலர் யூதர்களைத் தேடிப் போய்ப் பிரசங்கித்தார்கள் என்பதுபோலச் சொல்வார்கள். மற்ற தவறுகள் எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

உண்மையில் அன்று பேசியவர்களும் யூதர்கள், கேட்டவர்களும் யூதர்கள். பெந்தெகொஸ்தே என்பது யூதர்களின் அறுவடைப் பண்டிகை. அதற்காகப் பல தேசங்களிலிருந்து எருசலேமுக்கு வந்திருந்தவர்களிடம்தான் பேதுரு பேசினார். யூத வேதத்திலிருந்து யோவேல் தீர்க்கதரிசியையும் சங்கீதங்களையும் எடுத்துக் காட்டினார். அதன் பிறகும் அவரும் யோவானும் ஜெபவேளைக்கு யூதர்களின் எருசலேம் தேவாலயத்துக்குப் போனார்கள். அவர்கள் எதையும் விட்டு வெளியேறியதாக நினைக்கவில்லை.

அடுத்தது, "யூதர்கள் சுவிசேஷத்தை மறுத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது. முதல் விசுவாசிகள் யார் என்று பார்த்தாலே இது நிற்காது. ஆசாரியர்களில் பலர் விசுவாசித்தார்கள், மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரிலும் விசுவாசிகள் இருந்தார்கள் என்று அதே புத்தகம் சொல்கிறது. எதிர்ப்பு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் எருசலேமில் ஆரம்பத்தில் அதை முன்னின்று நடத்தியது பிரதான ஆசாரியரும் அவரோடிருந்த சதுசேயர் என்ற யூதப் பிரிவினரும். அப்போஸ்தலரை விட்டுவிடச் சொல்லி யூத ஆலோசனைச் சங்கத்தில் வாதாடியவர் கமாலியேல் என்ற பரிசேயர். கி.பி. 62-இல் இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பிரதான ஆசாரியர் அனனு கொல்லவைத்தபோது, நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பான எருசலேம் மக்களே அதை எதிர்த்தார்கள் என்றும், அனனு பதவி இழந்தார் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். பாடத்தில் இதை ஏன் சொல்வதில்லை?

பவுல் விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். பிசீதியா அந்தியோகியாவில் "புறஜாதிகளிடம் (யூதரல்லாதவர்களிடம்) போகிறோம்" என்று சொன்னார், அதோடு யூதர்களைக் கைவிட்டார் என்பார்கள். அடுத்த அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: இக்கோனியாவில் முதலில் போனது யூதர்கள் கூடும் ஜெப ஆலயத்துக்கு. அப்புறம் தெசலோனிக்கே, பெரோயா, கொரிந்து. எபேசுவில் மூன்று மாதம் ஜெப ஆலயத்தில் வாதாடினார். கைதியாக ரோமுக்குப் போனபோதும் மூன்று நாளைக்குப் பின்பு அங்கிருந்த யூதப் பெரியவர்களைத்தான் அழைத்தார். பேதுரு யூதருக்கு, பவுல் புறஜாதியாருக்கு என்ற கலாத்தியர் நிருபத்தின் ஏற்பாட்டைக் கறாரான எல்லையாகப் படிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

இன்னொன்று. யூதரால் ஐந்து முறை முப்பத்தொன்பது அடிகள் பட்டதாகப் பவுல் எழுதுகிறார். அது யூத சமூகம் தன் ஆளுக்குக் கொடுக்கும் தண்டனை. விலகிப் போயிருந்தால் அந்த அடி அவருக்கு விழுந்திருக்காது. அவர் தம்மை அந்தச் சமூகத்தின் ஆளாகவே வைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது.

எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் (ஏறக்குறைய கி.பி. 49) நியாயப்பிரமாணம் ஒழிக்கப்பட்டது என்பதும் தவறு. புறஜாதி விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்பதே அங்கே கேள்வி. யூத விசுவாசிகள் தங்கள் முறைமைகளை விடவேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

கடைசியாகச் சொல்வதுதான் மிகவும் ஆபத்தானது: இயேசுவின் மரணப் பழியை யூத ஜனம் முழுவதின் மேலும் சுமத்துவது. சிலுவை ரோமத் தண்டனை. தீர்ப்பளித்தவன் பொந்தியு பிலாத்து. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேல்" என்ற மத்தேயுவின் வசனத்தைக் காட்டி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களைத் துன்புறுத்தினார்கள். அந்தப் பழியை அன்றைய யூதர் அனைவர் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. நம் சபைகளில் பெரிய வெள்ளி அன்று அந்த வசனத்தை வாசித்தால், ரோமர் 11-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். தேவன் தம் ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்று பவுல் அங்கே எழுதுகிறார். புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகளைப் பார்த்துப் பெருமை பாராட்டாதே என்றும் எச்சரிக்கிறார்.