காடாத் துணியில் சிக்குக் கோலக் கைப்பை

கைப்பைக்குப் போடும் எம்பிராய்டரி ரவிக்கைக்குப் போடுவது போன்றதல்ல. சாவி, வளையல், பேருந்துக் கம்பி என்று தினமும் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும். இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல் பார்க்க அழகுதான், ஆனால் கால் அங்குலத்துக்கு மேல் நீளும் இழை சீக்கிரமே மாட்டி இழுபடும். துணியோடு ஒட்டி ஓடும் சங்கிலித் தையல் அப்படிப் பிரியாது. கோட்டாலேயே ஆன சிக்குக் கோலத்துக்கு அதைவிடப் பொருத்தமான தையல் இல்லை.

36 அங்குல அகலக் காடாத் துணி 1 மீட்டர், உள்துணிக்குப் பாப்ளின் முக்கால் மீட்டர், இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் அரை மீட்டர், 6 இழை எம்பிராய்டரி நூல் 8 மீட்டர் கட்டு ஒன்று போதும். காடாவை ஓர் இரவு ஊறவைத்து அலசி, காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும். சிவப்பு, கறுப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு நூல் வாங்குங்கள்.

முன்பக்கத் துண்டை உடனே அளவுக்கு வெட்டாதீர்கள். 19 அங்குலச் சதுரம் எடுத்து, நடுவில் 15 அங்குலச் சதுரத்தைக் கோடாக மட்டும் வரையுங்கள். பூவேலை செய்யும்போது துணி கொஞ்சம் உள்ளிழுக்கும். எம்பிராய்டரி வளையம் பிடிக்கவும் ஓரம் வேண்டும்.

கோலத்தைச் சதுரத்தின் நடுவில் வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. கீழே இரண்டரை அங்குலம் அடிப்பாகத்துக்குள்ளும், மேலே அரை அங்குலம் வாய்த் தையலுக்குள்ளும் போய்விடும். அதனால் கோலத்தின் மையம் மேல் வெட்டுக்கோட்டிலிருந்து ஆறரை அங்குலத்தில் இருக்க வேண்டும். ஏழரையில் வைத்தால் பை தைத்து முடித்ததும் கோலம் கீழே இறங்கித் தெரியும்.

புள்ளிகளை 1 அங்குல இடைவெளியில், வரிசைக்கு 5 என 4 வரிசை வையுங்கள். எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்தால் முழுக் கோலமும் ஒரே கோடாக முடியும். 5 வரிசை வைத்தால் ஐந்து தனிக் கோடுகளாகப் பிரியும். தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தால், தையல் முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசிய பிறகே இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் அந்த மை நிலைத்துவிடக்கூடும்.

நூலில் 3 இழையைப் பிரித்து 18 அங்குல நீளமாக எடுங்கள். சங்கிலித் தையலின் கண்ணி ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். வளைவில் 2 ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் வளைவு முனை முனையாக உடைந்து தெரியும். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் பழைய கண்ணியைக் குத்தாமல், புதிய கண்ணி ஒன்று அதைத் தாண்டி விழும்படி பாருங்கள். நூல் தீரும்போது கடைசிக் கண்ணியைத் தளர்வாக விட்டு, புதிய நூலை அதற்குள்ளிருந்து மேலே எடுத்து, பிறகு பழைய நூலைப் பின்னாலிருந்து இழுத்து இறுக்குங்கள். ஒட்டு தெரியாது. கோலம் முடியும் இடத்தில் கண்ணியின் தலையில் ஒரு சிறு தையல் போட்டே தீர வேண்டும். அது இல்லாவிட்டால் மொத்தச் சங்கிலியும் உருவிக்கொண்டு வரும். புள்ளிகளுக்கு முடிச்சுத் தையல். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், தடம் விழாது.

பூவேலையைத் தடித்த குளியல் துண்டின் மேல் கவிழ்த்து, பின்னால் கேன்வாஸ் ஒட்டி, அதன் பிறகு 15 அங்குலத்துக்கு வெட்டுங்கள். பின்பக்கத்துக்கு ஒரு துண்டு, உள்துணியில் இரண்டு, எல்லாம் அதே அளவு. உள்பை வேண்டுமென்றால் 8க்கு 12 துண்டை இரண்டாக மடித்து உள்துணியில் முதலிலேயே தைத்துவிடுங்கள். கைப்பிடிக்கு 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டை: கையில் தூக்க 24 அங்குல நீளம், தோளில் மாட்ட 28. நான்காக மடித்து இரு ஓரமும் தையுங்கள்.

வெளித்துணியின் இரு பக்கமும் அடியும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, கீழ் மூலையை முக்கோணமாகத் தட்டையாக்குங்கள். தையல் முனையிலிருந்து 2 அங்குலம் உள்ளே குறுக்குக் கோடு போட்டால் அதன் நீளம் சரியாக 4 அங்குலம் வரும். வரவில்லை என்றால் துணி ஓரத்திலிருந்து அளந்திருக்கிறீர்கள். கோட்டில் தைத்து மிச்சத்தை வெட்டுங்கள். உள்துணியும் இப்படியே, ஆனால் அடியில் 5 அங்குலம் திறந்து விடுங்கள். பக்கத் தையலை வாயிலிருந்து கீழே போகப்போக ஒரு நூலளவு உள்ளே தள்ளினால் உள்துணி தொங்காது.

கைப்பிடிகளைப் பக்க ஓரத்திலிருந்து மூன்றரை அங்குலம் தள்ளி, கீழ்நோக்கித் தொங்கும்படி வாயில் ஊசி குத்துங்கள். வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே இருக்க, உள்துணிக்குள் நுழைத்து வாயைச் சுற்றித் தையுங்கள். கைப்பிடி இருக்கும் இடத்தில் துணி பல அடுக்காகச் சேரும். 16ஆம் எண் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இரண்டு முறை முன்னும் பின்னும் தையுங்கள். விட்ட இடைவெளி வழியாகப் பையைத் திருப்பி, அதை மூடி, வாய் ஓரத்தில் கால் அங்குலம் உள்ளே ஒரு மேல்தையல் ஓட்டுங்கள்.