பை மாற்ற வீடு தயாரா? வயிற்றுவழி டயாலிசிஸ் நோயாளரின் பின்னணியைப் பதியும் முறை

வயது, கல்வி, தொழில், வருமானம் என்று படிவத்தை நிரப்புவது சுலபம். வயிற்றுவழி டயாலிசிஸில், பழுதான சிறுநீரகத்தின் வேலையைச் செய்ய, வயிற்றில் வைத்த குழாய்வழி பழைய நீரை வடித்துவிட்டுப் புதுப் பையின் நீரை உள்ளே விடுவார்கள்; இதுதான் பை மாற்றுவது. ஆகவே தெரியவேண்டியது வேறு: நாளுக்கு 4 தடவை, தடவைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, 2 லீற்றர் பையை அந்த வீட்டில் யார் மாற்றப்போகிறார்?

"மகள் பார்ப்பா" என்பதோடு நிறுத்தாதீர்கள். மகள் பகலில் வேலைக்குப் போகிறாவா, வெளிநாடு போகும் எண்ணம் உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது ஆள் ஒருவரையும் சேர்த்தே பழக்குங்கள். எத்தனையாம் வகுப்பு என்பதைவிட, பை நீரின் சர்க்கரைச் செறிவைக் காட்டும் 1.5, 2.5, 4.25 என்ற எண்களை வாசிக்கச் சொல்வதும், குழாயை உங்கள் கண்முன் பொருத்தச் சொல்வதும் பயன் தரும். நீரிழிவுக்காரருக்குப் பார்வை மங்கி, விரல் மரத்திருக்கலாம். கேட்டால் பலர் சொல்லமாட்டார்கள்.

தொழில் என்ற இடத்தில் 'கடற்றொழில்' என்று மட்டும் எழுதினால் போதாது. இரவில் கடலுக்குப் போகிறவரா, கரைவலை இழுக்கிறவரா? படகில் பை மாற்ற முடியாது. நேர அட்டவணையை அதற்கேற்ப வைத்தியரோடு பேசி அமைக்கவேண்டும். வலை இழுப்பதும் உர மூட்டை தூக்குவதும் வயிற்றில் அழுத்தம் ஏற்றி, குடலிறக்கத்துக்கோ நீர்க்கசிவுக்கோ வழிவிடும். நோன்பு பிடிப்பவர் என்றால் முன்கூட்டியே பேசுங்கள். இல்லாவிட்டால் சொல்லாமலே பகல் பையைத் தவிர்த்துவிடுவார்.

வருமானத்தை மாதக் கணக்கில் கேட்டால் சரியான பதில் வராது. கையில் காசில்லாத மாதங்கள் எவை என்று கேளுங்கள். வெளியேறும் நீரோடு புரதமும் போவதால் அந்த மாதங்களிலும் மீனும் முட்டையும் குறையக்கூடாது. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் போய்ப் பார்ப்பதே நல்லது. பை மாற்றும்போது கிருமி புகாதபடி கதவு பூட்டி, மின்விசிறியை நிறுத்தி, ஆடு பூனை வராமல் இருக்க ஓர் இடம் வேண்டும். கிணற்று நீர்தான் என்றால் கை கழுவ, திருகு குழாய் பூட்டிய தண்ணீர்க் கலன் ஒன்று வைக்கலாம். வாளியில் கோப்பை விட்டு அள்ளிக் கழுவினால் கை சுத்தமாகாது. மாதத்துக்கு ஏறக்குறைய 120 பைகள், 240 கிலோவுக்கு மேல். வெயில் படாமல், பலகைமேல் அடுக்க இடமிருக்கிறதா? திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், மூதூர்ப் பக்கம் என்றால் மாரியில் வெள்ளம் எந்த உயரம் வரை ஏறியது என்று சுவரைக் காட்டச் சொல்லி, அதற்கு மேலே பலகையைப் போடுங்கள்.

வெளிவரும் நீர் கலங்கினால், வயிறு நொந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கலாம்; அன்றே அந்தப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். நடுச்சாமத்தில் ஓட்டோ யாருடையது, கூலி எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பை மாற்றுபவர் மாறினால் படிவத்தையும் பயிற்சியையும் மறுபடி தொடங்கவேண்டும்.