சுவரில்லாத கூடத்தில் கம்பளம் விரிப்பது எப்படி?

சமையலறை, உணவு மேசை, சோபா ஆகிய மூன்றும் இடையில் தடுப்பின்றி ஒரே நீளத்தில் அமைந்திருக்கும் வீடுகள் சிங்கப்பூரில் பெருகி வருகின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடுகள் பலவற்றில் திறந்த சமையலறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிகிறது. 2024 அக்டோபரில், காலாங்/வாம்போ வட்டாரத்துக் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில், உள்ளறைத் தடுப்புகளே இல்லாத வீடுகளையும் வீவக முன்னோட்டமாக விற்பனைக்கு விட்டது. இத்தகைய வீட்டில் குடியேறுபவர்களுக்கு முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழியும். அதன்பின், எந்த இடம் எதற்கு என்று பிரியாமல் பொருள்கள் மிதப்பதுபோலத் தோன்றத் தொடங்கும். அந்தக் குறையைச் சுவர் எழுப்பாமலே தீர்ப்பதற்குக் கம்பளத்தைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. ஆனால் கம்பளத்தை அலங்காரப் பொருளாக நினைத்து, நிறத்தில் தொடங்கினால் பிழையாகிவிடும். அது சுவரின் வேலையைச் செய்ய வந்திருக்கிறது. ஆகவே அளவில்தான் தொடங்க வேண்டும்.

முதற்படி: நடைபாதையைக் கண்டறியுங்கள்

கம்பளம் எங்கே வரவேண்டும் என்பதற்கு முன், எங்கே வரக்கூடாது என்று பாருங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வீட்டார் நடந்து போகும் வழியை ஒரு நாள் கவனித்தாலே போதும். அந்த வழியில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரை வெறுமையாக இருக்கட்டும். ஒரு கால் கம்பளத்திலும் மறுகால் தரையிலுமாக நடக்க நேர்ந்தால் ஓரம் மடங்கும். முதியவர்கள் இத்தகைய ஓரங்களில் தடுக்கி விழக்கூடும். கதவுகளையும் முழுமையாகத் திறந்து பாருங்கள். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் புகலிட அறையின் கனத்த இரும்புக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதைப் பலரும் கம்பளம் வாங்கி விரித்த பிறகே நினைத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் படி: தரையில் அளவை ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். நாங்கள் எங்கள் நாலறை வீட்டுக்கு முதலில் வாங்கியது 120க்கு 170 சென்டிமீட்டர் கம்பளம். கடையில் விரித்துக் காட்டியபோது அது பெரிதாகத்தான் தெரிந்தது. வீட்டில் அது காபி மேசைக்கு அடியில் அடங்கிவிட்டது. பார்க்க வந்த அத்தை சோபாவில் அமர்ந்து, கீழே குனிந்து பார்த்துவிட்டு, “உட்கார்ந்தா யாருக்கும் கால் எட்டலையேம்மா” என்றார். கம்பளத்தின் அளவைச் சோதிக்க அதைவிடச் சரியான கேள்வி இல்லை என்று இன்றும் எண்ணுகிறேன்.

கணக்கு இதுதான். சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின்மேல் 20 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். சோபாவுக்கும் காபி மேசைக்கும் இடையே கால் நீட்ட 40, மேசையின் அகலம் 60, மேசைக்கு அப்பால் 40 என்று அந்த 20உடன் கூட்டினால் 160 ஆகிறது. நீளவாட்டில், சோபாவின் இரு பக்கங்களிலும் கம்பளம் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். 210 சென்டிமீட்டர் சோபாவுக்கு அது 230க்குக் குறையாது. 160க்கு 230 என்பது கடைகளில் எளிதில் கிடைக்கும் அளவு. இடம் இருந்தால் 200க்கு 300 இன்னும் நன்றாக அமையும். இரண்டு அளவுகளுக்கு இடையே மனம் ஊசலாடினால் பெரியதையே எடுங்கள்.

வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பால் இந்தச் செவ்வகத்தைத் தரையில் ஒட்டி, மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி வழக்கம்போல வாழ்ந்து பாருங்கள். உங்களை அறியாமல் எத்தனை முறை மூலையை மிதித்துச் செல்கிறீர்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உணவு மேசைக்கு வேண்டுமா என்று முடிவெடுங்கள்

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாலும் அதன் பின்கால்கள் கம்பளத்திலேயே நிற்க வேண்டுமானால், மேசையின் நான்கு பக்கமும் 60 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். 140க்கு 80 மேசைக்கு அது 260க்கு 200 ஆகிறது. அதற்கு இடமில்லாவிட்டால் அங்கே கம்பளமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்கால்கள் ஓரத்தில் இறங்கி, நாற்காலி சாய்ந்து நிற்கும் நிலை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் தொந்தரவாக்கிவிடும். மேசைக்கு நேர்மேலே ஒரு தொங்குவிளக்கு அந்த இடத்தைப் போதுமான அளவு பிரித்துக் காட்டும்.

இடம் இருந்து விரிப்பதானால், இழை நீண்ட கம்பளத்தைத் தவிர்த்து, தட்டையாக நெய்ததை எடுங்கள். சாம்பார் சிந்தினால் கரண்டியால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. சோப்பை அவசரப்பட்டுப் போட வேண்டாம். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவப்பதுபோல, காரத்தன்மையுள்ள சோப்பு பட்டாலும் மஞ்சள்கறை சிவந்துவிடும். எஞ்சும் மஞ்சள் நிறம் வெயில் படப்பட மங்கும்.

நான்காம் படி: நம் காற்றுக்கு ஏற்ற இழை

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அதனால், குளிர்நாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து வாங்குவது இங்கே பொருந்தாது. சணல் கம்பளம் பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர் மழையில் சன்னல்களை அடைத்து வைத்திருந்த இரண்டு வாரங்களில் எங்கள் சணல் விரிப்பின் அடிப்பக்கம் நனைந்த சாக்கைப்போல நாறத் தொடங்கியது. விஸ்கோஸ் இழை தண்ணீர் பட்டால் பொலிவிழந்து விறைத்துப்போகும். பாலிப்ரோப்பிலீன் என்னும் செயற்கை இழை ஈரத்தை உறிஞ்சாது, விலையும் குறைவு. தொடக்கத்தில் வாங்க அது ஏற்றது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், தூசிப்பூச்சிகள் ஈரக்காற்றில் பெருகும் என்பதை நினைவில் கொண்டு, துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தி விரிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பருத்தி என்றதும் நம் பவானி ஜமுக்காளத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டையான நெசவும் அழுத்தமான பட்டைக் கோடுகளும் கொண்ட அது, திறந்த கூடத்தில் மிக எடுப்பாக அமைகிறது. கோடுகள் நீளவாட்டில் ஓடும்படி விரித்தால் கூடமும் நீண்டு தெரியும். பூசை மூலைக்குப் பத்தமடைப் பாய் போதும். கையால் முடிந்த கம்பளங்களை நேரில் தொட்டுப் பார்க்க விரும்பினால் அரபு ஸ்திரீட் பக்கம் ஒரு மாலை போய் வாருங்கள்.

ஐந்தாம் படி: நிறம்

ஒரே பார்வையில் எல்லா விரிப்புகளும் தெரியும் என்பதால், ஒன்று மட்டும் வண்ணமயமாக இருக்க, மற்றவை அடங்கியிருக்கட்டும். எல்லாவற்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருந்தால் போதுமானது.

ஆறாம் படி: விரித்தலும் பேணலும்

வழுக்காத அடிவிரிப்பைக் கம்பளத்தைவிட எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் குறைவாக வெட்டிப் போடுங்கள். பளபளப்பான போர்சலின் ஓடுகளில் இது கட்டாயம் தேவை. தரை வினைலாக இருந்தால், ரப்பர் அடிப்பாகம் அதில் நிரந்தரமான மஞ்சள்கறையை ஏற்படுத்தக்கூடும். வினைலுக்கு உகந்தது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சுருண்டிருக்கும் ஓரங்களை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி, ஓர் இரவு கனமான புத்தகங்களை ஏற்றி வைத்தால் படிந்துவிடும். மேற்கு வெயில் விழும் வீட்டில், ஒரு பக்கம் மட்டும் வெளுக்காதிருக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுங்கள். தரையைத் துடைக்கும் நாளில் கம்பளத்தைத் தூக்கி நாற்காலிகளின்மேல் போட்டு, காற்றாடியை ஓடவிட்டு, புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்து ஈரம் அறவே இல்லை என்று உறுதியான பிறகே மறுபடியும் விரியுங்கள்.