மூச்சுக்குழாயா, குரல்வளையா, தொண்டையா?

கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியுமே, அந்த மேடு குரல்வளை. விரலைக் கீழே இறக்கினால் வளையம் வளையமாகத் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். டாக்டர்கள் டிராக்கியா என்பார்கள், மூச்சுக்குழல் என்று எழுதுபவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். நெஞ்சுக்குள் போய் இரண்டாகப் பிரிந்துவிடும்.

உடல்நலக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் இந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி நேரம் போகும். "மூச்சுக்குழாய் வீங்கியதால் குரல் கம்மியது" என்று வரும். குரல்நாண்கள் இருப்பது குரல்வளையில், அதனால் வீங்கியதும் அதுதான். "சங்கை நெரிச்சிடுவேன்" என்று சண்டையில் கத்துகிறவருக்குக்கூட இடம் சரியாகத் தெரிகிறது!

ஆஸ்துமா பற்றிய கட்டுரை என்றால் "மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன" என்ற வரி தவறாமல் இருக்கும். மனிதருக்கு மூச்சுக்குழாய் ஒன்றே ஒன்றுதான். அதில் 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. முழு வட்டமில்லை, பின்பக்கம் திறந்த லாடம் மாதிரி. அந்தத் திறந்த பக்கத்தை ஒட்டித்தான் உணவுக்குழாய் இறங்குகிறது. இப்படி முட்டுக்கொடுத்து நிற்கும் குழாய் இழுப்பு வரும்போதெல்லாம் சுருங்கிவிடாது. சுருங்குவது நுரையீரலுக்குள் கிளைவிட்டுப் போகும் சிறிய குழல்கள். பிராங்கைட்டிஸுக்கு "மூச்சுக்குழாய் அழற்சி" என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். மூச்சுக்கிளைக்குழல் அழற்சி என்பது வாய்க்குள் அடங்காத சொல்தான், ஆனால் அதுவே சரி. எனவே "மூச்சுக்குழாய்கள்" என்று பன்மையில் கண்டால் சற்று நின்று, எந்தக் குழாயைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மீன் முள் மூச்சுக்குழாயில் குத்தியது என்று எழுதுவதும் அப்படித்தான். பெரும்பாலும் அது குத்தி நிற்பது தொண்டையில். சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லும் பாட்டி வைத்தியம் நல்லதல்ல என்றாலும், முள் உணவு போகிற வழியில் இருக்கிறது என்பதில் பாட்டிக்குச் சந்தேகமில்லை. தண்ணீர் வழிமாறினால் வருவது புரை. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோமே, அப்போது இருமல் காப்பாற்றுவதுதான் மூச்சுக்குழாயை.

பழைய சொல்லான மிடற்றையும் சிலர் மூச்சுக்குழாய் ஆக்கிவிடுகிறார்கள். மிடறு என்பது கழுத்து, தொண்டை. "ஒரு மிடறு தண்ணீர்" என்கிறோம். கறைமிடற்று அண்ணலுக்கு நஞ்சு நின்றது மிடற்றில். மூச்சுக்குழாயில் என்று எழுதினால் சிவனுக்கே புரையேறிவிடும்.

அப்புறம் எழுத்துப்பிழை. "மூச்சு குழாய்" இல்லை, க் வேண்டும். "குரல்வலை" என்றும் வருகிறது. வலை மீன் பிடிக்க, இது வளை.

பன்மை சரியாக வரும் இடமும் உண்டு. கரப்பான்பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. பக்கவாட்டில் உள்ள 10 ஜோடித் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய், உடல் முழுக்கப் பின்னிக்கிடக்கும் குழல்களில் பரவுகிறது. அங்கே மூச்சுக்குழல்கள் என்றே எழுதலாம்.